குறை கேட்ட தேசம்மையார்

பூத்தொடுத்துக் கடவுளை அடைந்த அடியார்கள் உண்டு. விளக்கேற்றி அடைந்தவர்களும் உண்டு. குழந்தைகளுக்குக் கால் கழுவிவிட்டே அடைந்தவர் தேசம்மையார். வடசென்னையில், கால்வாயும் ரயில்பாதையும் உரசிக்கொண்டு போகும் உப்புக்காரத் தோட்டம் என்ற குடியிருப்பில் அவர் வாழ்ந்தார். அங்கிருந்த பால்வாடியில் அவருக்கு ஆயா வேலை. மூக்குச் சளியைத் துடைப்பதும், நனைந்த ஜட்டியை மாற்றுவதும், கஞ்சி ஊட்டித் தூங்கவைப்பதுமாக நாள் போகும். எப்படித்தான் முகம் சுளிக்காமல் செய்கிறீர்களோ என்று யாராவது கேட்டால், "கோயில்ல குருக்கள் பண்ணா அபிஷேகம், நான் பண்ணா மட்டும் அசிங்கமா?" என்று சிரித்துவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார்.

தோட்டத்தின் நடுவே இருந்த கோயிலில் முருகன் சிறுபிள்ளையாகவே நின்றான். வேல் இல்லை, மயில் இல்லை, பக்கத்தில் தேவியரும் இல்லை. இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கேட்டது கிடைக்காமல் நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கிற கல்பிள்ளை. அம்மையார் காலையில் வேலைக்குப் போகும்முன் அவன் சந்நிதியைப் பெருக்கிக் கோலம் போடுவார். சாமி பிள்ளையாக இருக்கிறான் என்றால் பிள்ளைகள் சாமியாகத்தானே இருக்க வேண்டும் என்று ஒருநாள் அவருக்குத் தோன்றியது. நம்மைப் போன்றவர்களுக்குத் தோன்றியிருந்தால் நல்ல கருத்து என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்போம். அவர் அதை அப்படியே நம்பிவிட்டார்.

நம்பியதால் நிம்மதி போயிற்று. பால்வாடியில் துள்ளித் திரிந்த பிள்ளைகள் பெரிய பள்ளிக்குப் போனதும் கடைசி வரிசையில் வாயடைத்து உட்கார்ந்திருப்பதையும், சிலர் பாதியிலேயே நின்றுவிட்டு மீன் சந்தையில் ஐஸ் உடைக்கப் போவதையும் அவர் பார்த்தார். நல்ல தனியார் பள்ளிகளின் வாசலை மிதிக்கவே அந்தத் தோட்டத்தாருக்கு வக்கில்லை. அம்மையார் கோயில் நிர்வாகிகளைக் கெஞ்சிக் கூத்தாடி, சும்மா கிடந்த மண்டபத்தைக் கேட்டு வாங்கினார். ஆசிரியர் பயிற்சி முடித்து வீட்டில் இருந்த இரண்டு பெண்களைப் பாடம் நடத்த அழைத்துக்கொண்டார். இப்படித்தான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளி உண்டாயிற்று. கட்டணம், காலையில் வரும்போது ஒரு பிடி அரிசி. அது இல்லாதவர் கைவீசிக்கொண்டு வரலாம்.

அந்த அரிசியில்தான் மத்தியானச் சோறு. பிள்ளைகளே கீரை வளர்த்தார்கள். பழைய பெயின்ட் டப்பாக்களில் அது தழைத்தது. எழுத்தும் கணக்கும் ஒருபக்கம் நடக்க, மறுபக்கம் பாட்டு, கூத்து, நகம் வெட்டுவது, சண்டை போட்டவர்களைச் சேர்த்து உட்காரவைப்பது என்று எல்லாமே பாடமாக இருந்தது. 'இதெல்லாம் ஒரு படிப்பா' என்று தெருமுனை டீக்கடையில் கேலி பேசினார்கள். 'ஆயா நடத்துற பள்ளிக்கூடத்துல ஆய் போகத்தான் சொல்லித் தருவாங்க' என்றுகூடச் சொல்லிச் சிரித்தார்கள். அம்மையாரும் அதைக் கேட்டார். நன்றாகத்தான் சொல்லித்தருகிறோம் என்று பதில் சொல்லியனுப்பினார்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. தினமும் ஒரு பிள்ளை சாமி. அன்றைக்கு அந்தப் பிள்ளையை மணையில் உட்காரவைத்து, அம்மையார் தம் கையால் கால் கழுவி, தலைவாரி, நெற்றியில் சந்தனம் இடுவார். பிறகு எதிரே தரையில் உட்கார்ந்து, "சாமி, இன்னிக்கு உனக்கு இன்னா குறை?" என்று கேட்பார். ஊரெல்லாம் சாமியிடம் போய்த் தன் குறையைச் சொல்லும். இங்கே சாமியின் குறை கேட்கப்பட்டது. பல் வலிக்குது என்று ஒரு பிள்ளை சொல்லும். போர்டு தெரியல என்று ஒன்று சொல்லும். சொன்ன குறையைத் தீர்க்கும்வரை அம்மையார் ஓயமாட்டார். கண்ணாடி வாங்கித்தர ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்திருக்கிறார். மீன் விற்கும் கஸ்தூரியின் மகள் மணையில் உட்கார்ந்து, அப்பா குடித்துவிட்டு வந்தால் தானும் அம்மாவும் தண்டவாள ஓரம் போய் உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னாள். அன்று முதல் அந்தத் தாயும் மகளும் பயமின்றிப் படுக்க அம்மையாரின் ஒற்றை அறையில் இடம் கிடைத்தது. கஸ்தூரியின் கணவனை நிற்கவைத்து அம்மையார் கேட்ட கேள்வியில் அவன் சில மாதம் பாட்டிலைத் தொடவே இல்லை.

அந்தப் பள்ளியின் முதல் மாணவன் பூபாலன். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அம்மையார் அவனைத் தம் பிள்ளையாகவே வளர்த்துக் கல்லூரிக்கும் அனுப்பினார். அவன் படித்து, மணம் முடித்து, கோயிலை ஒட்டியே வீடு கட்டி, கோயில் நிர்வாகத்துக்குச் செயலாளராகவும் ஆனபோது அம்மையாருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆபீஸ், அதிகாரி, அனுமதி என்று எது வந்தாலும், "எனக்கு இன்னாடா தெரியும், நீயே பாத்துக்கோ" என்று அவனிடம் விட்டுவிடுவார். அவன் பார்த்துக்கொண்டான்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிகள் எழுந்தன. அங்கே குடிவந்தவர்களுக்கு டை கட்டிய பள்ளி ஒன்று தேவைப்பட்டது. அப்படிப் பள்ளி நடத்தும் ஒரு கம்பெனிக்கு இடம் தேவைப்பட்டது. மண்டபத்தை அவர்களுக்குக் கொடுக்கப் பூபாலன் முடிவு செய்தான். அம்மையாரிடம் வந்து சொல்லியிருந்தால் அழுதிருப்பார், சண்டை போட்டிருப்பார், ஒருவேளை ஒப்புக்கொண்டும் இருப்பார். அவன் சொல்லவில்லை. பெற்றோர்களை மண்டபத்தில் கூட்டி அவர்கள் முன்னால் அவரை நிறுத்தினான்.

"சாமி நாள்னு சொல்லி இவங்க உங்க புள்ளைங்ககிட்ட இன்னா கேக்குறாங்க தெரியுமா? உங்க வூட்டு விஷயத்தை. யார் குடிக்கிறான், யார் அடிக்கிறான், எல்லாம். நாளைக்கு இது போலீஸ் வரைக்கும் போனா யார் ஜவாப்? வரப்போற ஸ்கூல்ல இதெல்லாம் கிடையாது. இங்கிலீஷ் மட்டும்தான்" என்றான்.

கூட்டம் சலசலத்தது. அம்மையார் கஸ்தூரியைப் பார்த்தார். அவள் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள். கஸ்தூரி எழுந்தாள். பின்வரிசையில் அவள் கணவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"என் பொண்ணு வாயைக் கிளறித்தான் எங்க வூட்டு மானம் தெருவுல போச்சு. இங்கிலீஷ் ஸ்கூல் வரட்டும்" என்று சொல்லிவிட்டு, யாரையும் பாராமல் உட்கார்ந்தாள்.

அதோடு முடிந்தது. பாடம் நடத்திய பெண்கள் இருவரும் புதிய பள்ளியின் ஒரே நிறச் சேலையைக் கட்டிக்கொண்டார்கள். கடன் வாங்க முடிந்தவர்கள் பிள்ளைகளை அங்கே சேர்த்தார்கள்; முடியாதவர்களின் பிள்ளைகள் மறுபடியும் தண்டவாள ஓரம் திரிந்தன. கஸ்தூரிக்கும் அங்கே கேட்ட கட்டணம் கட்டுப்படியாகவில்லை. அம்மையாரைக் கண்டால் உள்ளே இருக்கும் பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொள்கின்றன என்று சொல்லி, பள்ளி நேரத்தில் அவர் கோயிலுக்குள்ளும் வரக்கூடாது என்று தடுத்தார்கள். சொல்லியனுப்பியவன் பூபாலன். சொல்லக்கூட அவன் நேரில் வரவில்லை.

அன்று அம்மையார் கோயில் வாசலில் நின்று வாய்விட்டு அழுதார். பூபாலனைத் திட்டவில்லை, சந்நிதியைப் பார்த்தே பேசினார். "அவன் மனுசன், மாறிட்டான். நீ எதுக்குடா மாறின? உன் வூட்டுல நடக்குது, நீ இடுப்புல கைய வச்சிக்கினு பாத்துக்கினு நிக்கிற. உன்னைக் கழுவிக் கழுவித்தானே என் கை தேஞ்சுது." நாம் நம்பியவர் கைவிடும்போது வருகிற வலி எதிரி அடிக்கும்போது வருவதில்லை. அந்த வலி அவர் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

ஆனாலும் மறுநாள் காலையில் துடைப்பத்தோடு எழுந்துவிட்டார். கால்வாய்ப் பாலத்தின் அடியில் ஒரு மூலையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, அலைந்துகொண்டிருந்த பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். கஸ்தூரியின் மகளும் தாய்க்குத் தெரியாமல் வந்தாள். யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று அம்மையார் கேட்கவில்லை. கால் கழுவினார், குறை கேட்டார். மனதுக்குள் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் கதவைச் சாத்தி வைத்திருந்தார். அது பூபாலன் வீடு என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. பிள்ளைகளெல்லாம் காவடி பார்க்கப் போய்விட, பாலத்தடியில் அம்மையார் தனியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உச்சிவேளையில் ஒரு சிறுவன் நொண்டிக்கொண்டே வந்து மணையில் உட்கார்ந்தான். நிமிர்ந்து பார்த்தார். பூபாலனின் மகன் அஸ்வின். அதே உப்பிய கன்னம், தகப்பனைப்போலவே சுருட்டை முடி. முழங்கால் சிராய்த்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

அம்மையாருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எந்திரி. உங்கப்பா கட்டிவச்ச ஸ்கூல்ல போய் உக்காரு" என்றார்.

சிறுவன் எழவில்லை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தான். அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டு கீரையை ஆய்ந்தார். காம்பும் இலையும் ஒன்றாய் விழுந்தன. இந்தப் பிள்ளையை அனுப்பிவிட்டால் யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. ஆனால் பிள்ளைகளெல்லாம் சாமி என்று இத்தனை காலம் சொன்னது பொய்யாகிவிடும். ஒரு பிள்ளை நீங்கலாக என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பூபாலன் அவரிடமிருந்து மண்டபத்தைத்தான் பறித்திருந்தான். இந்த நம்பிக்கையையும் பறிகொடுத்தால் அவரிடம் மிஞ்சுவதற்கு எதுவும் இல்லை.

அம்மையார் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். தண்ணீர் எடுத்துவந்து அந்தக் காலைக் கழுவினார். கழுவும்போதும் கோபம் போகவில்லை, கண்ணீர்தான் வந்தது. தம் சேலை முந்தானையைக் கிழித்து முழங்காலில் கட்டினார். தலைவாரி, சந்தனம் இட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"சாமி, இன்னிக்கு உனக்கு இன்னா குறை?"

"என்கூட வெளையாட ஆளே இல்ல ஆயாம்மா. முன்னெல்லாம் நெறைய பேர் வருவாங்க" என்றான் சிறுவன்.

"என்கிட்ட வந்துட்டல்ல, வெளையாடலாம்" என்றார் அம்மையார். கீரையும் சோறும் பிசைந்து ஊட்டினார். அவன் மீதம் வைக்காமல் சாப்பிட்டான். அவர் கைகழுவித் திரும்புவதற்குள் மணை காலியாக இருந்தது. வீட்டுக்கு ஓடியிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கோயில் குருக்கள் பாலத்தடிக்கு ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் பூபாலன், அவனுக்குப் பின்னால் தோட்டத்துச் சனம். "மத்தியானம் சாத்தின நடையை இப்பத்தான் தொறந்தேன் அம்மா. மூலவரோட முழங்கால்ல உங்க சேலைத்துணி கட்டியிருக்கு. சாவி என் இடுப்புலதான் இருந்தது, சத்தியமா நான் கட்டலே" என்று நீட்டினார். கிழிந்த முந்தானைத் துண்டு. அதில் சந்தனமும் இருந்தது, ரத்தமும் இருந்தது.

அம்மையார் பூபாலனைப் பார்த்து, "உன் புள்ளை எங்கடா?" என்று கேட்டார்.

"அவன் ஊர்லயே இல்லம்மா. அம்மை போட்டுதுன்னு போன வாரமே அரக்கோணத்துல அவங்க பாட்டி வூட்டுக்கு அனுப்பிட்டோம்" என்றான் பூபாலன்.

அம்மையார் அந்தத் துணியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நடந்தது அவருக்கு விளங்கிவிட்டது. பூபாலன் அவர் காலில் விழுந்து, மன்னித்துவிடும்படி அழுதான். கஸ்தூரி கூட்டத்தின் ஓரத்தில் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றாள்.

"உன்னை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரலடா, பொய் சொல்ல மாட்டேன்" என்றார் தேசம்மையார். "வேற யார் புள்ளையா அவன் வந்திருந்தாலும் சந்தோசமா சோறு போட்டிருப்பேன். பாத்துப் பாத்து உன் புள்ளையா வந்து என்னை மாட்டிவுட்டுட்டான். அவனுக்கு வெளையாட ஆள் இல்லியாம். எந்திரிச்சிப் போய் மண்டபத்தைத் தொற."

பூபாலன் போய்த் திறந்தான். கம்பெனி வேறு இடம் பார்த்துக்கொண்டது. தோட்டத்துப் பிள்ளைகள் திரும்பி வந்தன. அடுக்குமாடிப் பிள்ளைகளும் சில அதே பிடி அரிசியோடு வந்து சேர்ந்தன. அம்மை இறங்கி ஊர் திரும்பிய அஸ்வினும் வந்தான். முதல் நாளே அவன் காலைக் கழுவிய அம்மையாரின் கையில் கொஞ்சமும் தயக்கம் இருக்கவில்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பூபாலனோடு மட்டும் அவர் பழையபடி பேசச் சில வருடங்கள் ஆயின.

வேண்டியவர் பிள்ளையைச் சாமி என்று கொண்டாட நம்மில் எவராலும் முடியும். வஞ்சித்தவன் பிள்ளைக்கும் அழுதுகொண்டே கால் கழுவிய தேசம்மையாரின் அந்தக் கைகள் வாழ்க.