செத்தால் நிற்கும் கப்பல்

தூத்துக்குடியில் ஒரு கம்பெனி, தானாகவே ஓடும் கப்பல் ஒன்றைச் செய்தது. தானாக ஓடுகிற கப்பலுக்கு ஆள் எதற்கு என்று கேட்பீர்கள். அப்படியெல்லாம் கேட்கிறவர்களை அந்தக் கம்பெனி வேலைக்கு எடுப்பதில்லை. மனிதர்களின் வசதிக்காகவே வடிவமைத்த கப்பல் என்று பெருமை பேசுவதற்காவது அதில் மனிதர்கள் இருக்க வேண்டாமா? ஆகவே கேப்டன் தொபியாஸ், என்ஜின் பார்க்கும் கஸ்பார், சமையல்காரர் மிக்கேல் என்று மூன்று பேரைப் பொறுக்கி எடுத்தார்கள்.

கப்பலை வடிவமைத்த தமயந்தி மேடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"நீங்க எதையும் தொடக் கூடாது. மணி அடிச்சா வெளியே பார்த்துட்டு, பச்சைப் பொத்தானை அமுக்கணும். அமுக்கலேன்னா எல்லாரும் செத்துட்டீங்கன்னு நினைச்சு கப்பல் நின்னுடும்."

தொபியாஸ் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். இந்த வெள்ளோட்டத்தில் சொதப்பினால் கேப்டன் உத்தியோகம் போய்விடும். பிறகு மச்சினனின் மாவு மில்லில், அவன் ஏச்சைக் கேட்டுக்கொண்டு மூட்டை தூக்க வேண்டியதுதான். அதற்குக் கடலிலேயே குதித்துவிடலாம். மேடம் சொன்னதில் ஒரு இம்மியும் பிசகக் கூடாது என்று அவர் முடிவு செய்தார்.

கரையை விட்டதும் மணி அடித்தது.

"அமுக்குங்கண்ணே" என்றான் கஸ்பார்.

"எப்படிலே அமுக்க? எதையும் தொடக் கூடாதுன்னாங்கள்லா?"

மூவரும் ஆழ்ந்து யோசித்தார்கள். மிக்கேல் சமையலறைக்கு ஓடிச் சாம்பார் கரண்டியை எடுத்து வந்தார். கரண்டி தொட்டால் அது கரண்டியின் பாவம். பொத்தான் அமுங்கியது, லேசாகச் சாம்பார் மணமும் அடித்தது.

அடுத்த சிக்கல், வெளியே பார்ப்பது. மனிதக் கண்ணுக்குச் சிரமம் வேண்டாம் என்று மேடம் மாபெரும் திரை ஒன்றை வைத்திருந்தார். அது ஜன்னல் மொத்தத்தையும் மறைத்துவிட்டது. கடலைப் பார்க்கவேண்டுமானால் வெளியேதான் போகவேண்டும். ஆகவே கஸ்பார் கப்பலின் முனையில் நின்று பார்ப்பது, மிக்கேல் கரண்டியால் அமுக்குவது, தொபியாஸ் வாசலில் நின்று இருவரையும் மேய்ப்பது என்று ஏற்பாடானது.

"பாத்தியாலே?"

"பாத்துட்டேன்."

"அமுக்கு."

அமோகமாக நடந்தது. திரும்பி வரும்போது துறைமுகத்தில் புதிதாகக் கட்டிய கல் சுவர் எதிரே வந்தது. சுவர் கட்டிய விஷயத்தைக் கப்பலுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"பாத்தியாலே?"

"பாத்தேன். சுவரு வருது."

"என்ன வருதுன்னா கேட்டேன்? பாத்தியான்னுதான கேட்டேன். அமுக்கு."

மறுபடியும் மணி.

"அண்ணே, சுவத்துமேல தூண்டில் போட்டவனெல்லாம் ஓடுறான்!"

தொபியாஸ் எட்டிப் பார்த்தார். சுக்கானைப் பிடித்துத் திருப்பினால் தீர்ந்தது. கை அதை நோக்கிப் போனது. மச்சினன் முகம் கண்முன் வந்தது. கை திரும்பி வந்துவிட்டது.

"செத்தா நின்னுரும்னுல்லா சொன்னாங்க?" என்றார் மிக்கேல்.

"அப்ப அமுக்காம இருப்போம்" என்றான் கஸ்பார்.

"உயிரோட இருந்துக்கிட்டு அமுக்காம இருந்தா அது கப்பலை ஏமாத்துறதுலே. கம்பெனிச் சோத்தத் தின்னுட்டு அந்தக் காரியத்தச் செய்யலாமா?" என்றார் தொபியாஸ்.

நியாயம்தானே. மூவரும் வரிசையாகப் படுத்து, கைகளை நெஞ்சில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கண்ண மூடுலே கஸ்பாரு, செத்தவன் எங்கயாவது முழிப்பானா?" என்று அதட்டிவிட்டுத் தொபியாஸ் திரும்பவும் செத்தார்.

மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சுவருக்கு ஒரு முழம் முன்னால் கப்பல் நின்றது.

மூவரும் காலமானதாகக் கப்பல் கரைக்குச் செய்தி அனுப்ப, மேடம் மலர்வளையத்தோடு படகில் வந்து ஏறினார். மூவரின் வயிறும் ஏறி இறங்குவதைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"உயிரோடதான் இருக்கீங்களா? எழுந்திரிங்க!"

"மெதுவாப் பேசுங்க மேடம், கப்பலுக்குக் கேட்டா கெளம்பிரும்" என்றார் தொபியாஸ், உதட்டை அசைக்காமல்.

மேடத்துக்கு எல்லாம் விளங்கியது. பெருமையில் கண் கலங்கிவிட்டது. உடனே தலைமை அலுவலகத்தைப் போனில் கூப்பிட்டு, வடிவமைப்பு மாபெரும் வெற்றி, தக்க நேரத்தில் மனிதர்கள் செத்தார்கள், தக்க இடத்தில் கப்பல் நின்றது என்று அறிவித்தார். சுவரைப் பற்றி மூச்சு விடவில்லை, அது வேறு இலாகா. தொபியாஸின் வேலை அங்கேயே நிரந்தரமானது. ஆபத்து வந்தால் சாக வேண்டும், அவ்வளவுதான் வேலை.

மாவு மில் தொலைந்தது என்று அவர் நிம்மதிப் பெருமூச்சு விடப் பார்த்தார். செத்தவன் மூச்சு விடலாமா என்று அடக்கிக்கொண்டார். ஆனாலும் பொறுப்புள்ள மனிதர், படுத்தபடியே கேட்டார்.

"மேடம், ஒரு சந்தேகம். ஞாயித்துக்கெழம லீவுல வீட்டுக்குப் போறப்ப, உயிரோட இருக்கலாமா?"

மேடம் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தார்.

"இப்ப எதையும் உறுதியாச் சொல்ல முடியாது. மேலிடத்துல கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் இப்படியே இருங்க."