வெள்ளைக்கல் வீட்டுக் காகம்

அந்தக் காலத்தில் பறவைகளுக்கும் மனிதப் பேச்சு வரும். பேசுவதோடு நிற்காமல் சபையில் வந்து சாட்சியும் சொல்லும். மனிதன் சொல்லும் சாட்சியைவிடப் பறவையின் சாட்சிக்கு மதிப்பு அதிகம். பறவைக்கு நிலம் கிடையாது, பங்காளியும் கிடையாது என்பதுதான் காரணம்.

மேற்கே கடலோரம் வேல்ஸ் என்றொரு மலைநாடு. அங்கே அப்போது காகிதம் இல்லை, பத்திரம் இல்லை. ஒருவன் யார் என்பதை அவன் வாயால்தான் நிரூபிக்க வேண்டும். அப்பன் பெயர், பாட்டன் பெயர், பூட்டன் பெயர் என்று மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த நாட்டில் ஆட்கள் அதிகம், பெயர்கள் குறைவு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைத்து வைத்து, நல்ல பெயர்கள் எல்லாம் எல்லா வீட்டிலும் இருந்தன. சந்தையில் நின்று ‘மாடோக்கின் மகனே’ என்று கூப்பிட்டால் பாதிச் சந்தை திரும்பிப் பார்க்கும்.

அதனால் பெயரோடு இடத்தையும் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார்கள். இன்னார் வீட்டுக் கணப்பு எந்த ஓடைக்கு மேலே எரிந்தது, எந்தப் பாறைக்குக் கீழே எரிந்தது என்று சொல்ல வேண்டும். குளிர்நாடு ஆகையால் வீட்டின் நடுவே கணப்பில் எப்போதும் நெருப்பு இருக்கும். படுக்கப் போகும்போது தணலைச் சாம்பலால் மூடி வைப்பார்கள். காலையில் அந்தச் சாம்பலைக் கையால் விலக்கி நெருப்பை எழுப்பும் உரிமை வீட்டு வாரிசுக்கு மட்டும் உண்டு. வெளியூர் போய்த் திரும்பியவன் தன் தகப்பன் கணப்பில் சாம்பலை விலக்கிவிட்டால் போதும், அவன் அந்த வீட்டுக்காரன்.

கணப்புக்குப் பின்னால் ஒரு கல் நிறுத்துவார்கள். வீடு எரிந்தாலும் இடிந்தாலும் அந்தக் கல்லை யாரும் பெயர்க்கக் கூடாது. வீட்டின் பெயரை வேறு இடத்துக்கு எடுத்துப் போகலாம். கல்லை எடுத்துப் போகக் கூடாது. அது சட்டம்.

இந்தக் கல் எங்கே, அந்தப் பெயர் எங்கிருந்து எங்கே போனது என்பதையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் வேலை காகத்துக்கு. ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் ஒரு காகம் இருக்கும். நம் ஊர்க் காகத்தைவிடச் சிறியது. அன்று அதற்கு உச்சி முதல் வால் வரை ஒரே கறுப்பு. வீட்டார் அதற்கு ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக் கட்டியும் போடுவார்கள். கணப்பின் சூடு அதற்கும் உண்டு.

வெள்ளைக்கல் என்ற வீட்டின் கதை இது. அவர்கள் மொழியில் கரெக் வென். ஓடைக்குக் கிழக்கே, ஊற்றுக்கு மேலே அந்த வீடு இருந்தது. வெள்ளைப் பாறையில் வெட்டிய கல்லைக் கணப்பில் நிறுத்தியிருந்ததால் அந்தப் பெயர். வீட்டுக்காரர் மாடோக். ஒரு சண்டையில் எதிரிகள் வீட்டைக் கொளுத்திவிட்டு, அவருடைய மகன் ஐனியனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மீசை அரும்பாத வயது அவனுக்கு. மகன் திரும்புவான் என்று மாடோக் வழி பார்த்தார். பிறகு செத்துப்போனார்.

மாடோக்கின் தம்பி மகன் கடூகன் அப்போது இளைஞன். எரிந்த இடத்தில் வீடு கட்ட அவனுக்கு மனம் வரவில்லை. ஓடைக்கு மேற்கே புது வீடு கட்டி, வெள்ளைக்கல் என்ற பெயரை அதற்கு வைத்தான். அதில் தவறில்லை. காகமும் அவனோடு மேற்குக் கரைக்கு வந்துவிட்டது. சண்டைக்குப் பிறகு பள்ளத்தாக்கில் பழைய ஆட்கள் அநேகமாக இல்லை. புதிதாக வந்தவர்கள் வெள்ளைக்கல் என்றால் மேற்குக் கரை வீடு என்றே அறிந்தார்கள். எப்போதும் அங்கேதான் இருந்ததா என்று யாராவது கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுவது கடூகனுக்குச் சுலபமாக இருந்தது. அதில்தான் தவறு ஆரம்பித்தது. கிழக்குக் கரையில் முள்ளும் பெரணிச் செடியும் மண்டின. முள்காடு என்றார்கள் அதை.

ஐனியன் திரும்பி வந்தபோது கிழவனாகியிருந்தார். கூடவே மகள் நெஸ்ட். அந்நிய நாட்டில் பிறந்தவள். ஓடை, ஊற்று, அதன் மேல் நிற்கும் ஓக் மரம், எல்லாம் அப்பா சொல்லி அவளுக்கு மனப்பாடம். பார்த்தது இப்போதுதான். பிடித்துக்கொண்டு போனவர்கள் ஐனியனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை, மலைக்காரன் என்றுதான் கூப்பிட்டார்களாம். பெயர் மறந்துவிடும் என்ற பயத்தில் மனிதர் வேலை செய்யும்போதெல்லாம் முன்னோர் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே இருப்பாராம்.

அவருக்கு இருமலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. நிலம் கேட்டு வரவில்லை என்று சபையில் முதலிலேயே சொல்லிவிட்டார். ஊர்க் கல்லறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரிசை உண்டு. வெள்ளைக்கல் வரிசையில் தகப்பனாருக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும், அவ்வளவுதான். வீடு இல்லாதவர்களை வேலிக்கு வெளியே, வழியில் செத்த பரதேசிகளோடு புதைப்பது வழக்கம். அங்கே யார் எங்கே கிடக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

சபைக்குத் தலைவர் யோர்வெர்த். கண்டிப்பானவர், அதே சமயம் நியாயமானவர் என்று பெயர். முன்னோர் பெயர்களைச் சொல்லச் சொன்னார். ஐனியன் எழுந்து நின்று அப்பன், பாட்டன், பூட்டன் என்று தடங்கல் இல்லாமல் ஏறினார். கூட்டத்தில் ஒருவன், “பெயரெல்லாம் சரிதான் பெரியவரே. என் அப்பனும் மாடோக்தான், என்னையும் உங்கள் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்றான். சிரித்தார்கள்.

இடத்தைச் சொல்லும்படி யோர்வெர்த் கேட்டார்.

“ஓடைக்குக் கிழக்கே, ஊற்றுக்கு மேலே வெள்ளைக்கல்.”

இந்த முறை சிரிப்பு அடங்கக் கொஞ்சம் நேரம் ஆனது. ஓடையின் எந்தப் பக்கம் தன் வீடு என்றுகூடத் தெரியாமல் ஒருவர் வாரிசு என்று வந்திருக்கிறார். நெஸ்ட் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் மறுபடியும் கிழக்கு என்றார். யோர்வெர்த் வழக்கப்படி காகத்தைக் கூப்பிட்டார்.

அதற்கு முதல் நாள் கடூகன் கூரை வேய்ந்துகொண்டிருந்தபோது காகத்திடம் பேசியிருந்தான். மிரட்டவில்லை. கிழக்கே பழைய கல் இருக்கிறது என்று ஆகிவிட்டால் பெயர் மாடோக்கின் மகனுக்கே திரும்பிவிடும், இந்த வீட்டுக்குப் பெயர் கிடையாது, பெயர் இல்லாத வீட்டில் தானும் இருக்க முடியாது என்று கணக்குச் சொல்வதைப் போலச் சொன்னான். பிறகு கேட்டான்:

“கணப்பு அணைந்தால் நீ எங்கே போய் உட்காருவாய்? பனி விழப்போகிறது.”

காகத்துக்கு வயதாகியிருந்தது. குளிர் ஒத்துக்கொள்வதில்லை. சபை நடுவில் நின்றபோது அதன் எதிரில் ஐனியன் நின்றார். சின்ன வயதில் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துப் போட்ட கை அதற்கு நினைவிருந்தது. காகம் எதையும் மறப்பதில்லை.

“ஓடைக்குக் கிழக்கே நெருப்பு எரிந்து நான் பார்த்ததில்லை” என்றது.

பறவையின் சாட்சிக்கு எதிர்ச்சாட்சி கிடையாது. ‘இவர் வீடில்லாதவர்’ என்று யோர்வெர்த் தீர்ப்புச் சொன்னார். குளிர் குறையும்வரை பள்ளத்தாக்கில் தங்கிக்கொள்ளலாம் என்று கருணையாக ஒரு வார்த்தையும் சேர்த்தார்.

அப்பாவும் மகளும் முள்காட்டு ஓரம் ஆட்டுப்பட்டிச் சுவரில் ஒண்டினார்கள். கணப்புக் கல் கிடைத்துவிட்டால் யார் சாட்சியும் தேவையில்லை. ஐனியன் பெரணியை வெட்டித் தோண்ட ஆரம்பித்தார். ஆனால் அவர் வளர்ந்தபோது வீடு நின்றது, கதவு இருந்தது, அதை வைத்துத்தான் கணப்பு எங்கே என்று அவருக்குத் தெரியும். இப்போது கதவு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. இரண்டடி தோண்டுவார், இருமுவார், உட்காருவார். நெஸ்ட் வாங்கித் தோண்டுவாள். மண் இறுகிக்கொண்டே வந்தது.

காகம் வந்து ஓக் மரத்தில் உட்கார்ந்து பார்க்கும். ஏன் வந்தது என்று அதற்கே தெரியாது. ஒருநாள் ஐனியன் அண்ணாந்து பார்த்தார்.

“நீ சபையில் சொன்னது போகட்டும். எந்தப் பக்கம் தோண்ட வேண்டும் என்று மட்டும் சொல்லு. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.”

கல் அவருடைய இடது கைப்பக்கம், முட்செடி வேருக்கு அடியில் இருந்தது. ஒரு ஆள் படுக்கும் தூரம்தான். அதைச் சொன்னால் முன்பு சொன்னது பொய் என்று ஆகும். காகம் பறந்து மேற்குக் கரைக்குப் போய்விட்டது. அங்கே கணப்பு நன்றாக எரிந்தது.

பனி விழுந்தது. அடுத்த நாள் காலையில் ஐனியன் எழுந்திருக்கவில்லை. கையில் மண் இருந்தது.

நெஸ்ட் யோர்வெர்த்திடம் போய் நின்றாள். அவர் எழுந்து வந்து பேசினார், இரங்கினார். ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான், வேலிக்கு வெளியேதான் இடம் என்றார். நான்கு பேரைக் குழி வெட்ட அனுப்பினார். அவரும் வந்தார். கடூகனும் வந்தான். வராமல் இருந்தால் பேச்சு வரும் என்று வந்தான்.

அதே நேரத்தில் காகம் முள்காட்டில் இருந்தது. முள் கிழிக்கக் கிழிக்க வேருக்கு அடியில் அலகால் மண்ணைக் கிளறியது. பழைய பெரணி மட்கி, அதற்குக் கீழே சாம்பல் இருந்தது. ஈரமான, பழைய சாம்பல். வாரிசு கையால் விலக்க வேண்டிய சாம்பலைக் காகம் தலையால் முட்டி முட்டி விலக்கியது. கல்லின் முகம் தெரிந்ததும் கல்லறைக்குப் பறந்தது.

குழிக்குப் பக்கத்தில் வந்து இறங்கி வாயைத் திறந்தது. பேச்சு வரவில்லை. சக், சக் என்றுதான் வந்தது. குழி வெட்டியவர்களில் ஒருவன், “இதற்கும் பங்கு வேண்டுமாம்” என்றான்.

நெஸ்ட் மட்டும் அதன் தலையைப் பார்த்தாள். பிடரியும் கழுத்தும் சாம்பல் நிறமாக இருந்தன. குனிந்து விரலால் தொட்டு யோர்வெர்த்திடம் நீட்டினாள். அவர் தேய்த்துப் பார்த்தார். இன்று நேற்று எரிந்த சாம்பல் அல்ல. வேர்நார் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு காகத்தின் பின்னால் நடந்தார். மற்றவர்களும் நடந்தார்கள்.

முட்செடியைப் பிடுங்கி எறிந்ததும் கல் முழுதாகத் தெரிந்தது. பின்பக்கம் பால் போல வெள்ளை. முன்பக்கம் தலைமுறை தலைமுறையாகப் புகை குடித்த கறுப்பு. அதற்கு இந்தப் பக்கம், ஒரு ஆள் படுக்கும் தூரத்தில், ஐனியன் தோண்டிய பள்ளம் பனி நிறைந்து கிடந்தது.

கடூகன், “நான் கல்லைப் பெயர்க்கவில்லை” என்றான். அது உண்மை.

யோர்வெர்த் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “பெயர் குடிபோன இடத்தைப் பார்த்தோம். நெருப்பு எரிந்த இடத்தைப் பார்க்கவில்லை.”

நிலம் கடூகனிடமே இருந்தது. சாம்பல் விலக்கும் உரிமை உயிரோடிருக்கும் மகனுக்கு மட்டும்தான். மகளுக்கு இல்லை என்று சட்டம் சொன்னது. ஐனியனை வெள்ளைக்கல் வரிசையில் மாடோக்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள். கல்லறைக் கல்லில் பெயர் வெட்ட வந்தவன், ‘மாடோக் மகன் ஐனியன்’ என்று வெட்டிவிட்டு உளியைத் துடைத்தான். நெஸ்ட் அவனை விடவில்லை.

“இந்தப் பெயரில் இந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? கீழே வீட்டைப் போடு. ஓடையின் எந்தப் பக்கம் என்றும் போடு.”

அவன் போட்டான். அதன் பிறகு நெஸ்ட் துறைமுகத்துப் பக்கம் போனதாகச் சொல்கிறார்கள். அவளை எங்கே புதைத்தார்கள் என்று தெரியவில்லை.

பொய் சொன்ன வாயில் உண்மை நுழையவில்லை என்று சிலரும், பனியில் தொண்டை கட்டிக்கொண்டது என்று சிலரும் காகத்தைப் பற்றிப் பேசினார்கள். எப்படியானாலும் அதற்குப் பிறகு எந்தப் பறவையையும் யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. அழைக்காததால் அவையும் நாளடைவில் பேச்சை மறந்தன. மனிதர்கள் எழுதி வைக்கப் பழகினார்கள். எழுதியதிலும் பொய் இருந்தது என்பது வேறு கதை.

காகத்தின் பிடரியில் ஒட்டிய சாம்பல் எந்த மழையிலும் போகவில்லை. அதன் குஞ்சுகளும் அப்படியே பிறந்தன. கடூகன் வீட்டுக் கூரைக்கு அது திரும்பவில்லை. ஆள் இல்லாத வீடாகத் தேடிப்போய்ப் புகைபோக்கிக்குள் சுள்ளியைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டது. அணைந்த கணப்பை மூட்டப் பார்க்கிறது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அந்தப் பனிக்காலத்திலிருந்துதான் வேல்ஸ் நாட்டுக் கல்லறைக் கற்களில் பெயருக்குக் கீழே வீட்டின் பெயரையும் வெட்டுகிறார்கள். கடல் கடந்து முன்னோரைத் தேடி வருகிறவர்களிடம் பெயரைக் கேட்டுவிட்டு, எந்த வீடு என்று கேட்கிறார்கள். அவர்கள் தேடிக் கண்டுபிடித்து நிற்கும் வீடு பெரும்பாலும் காலியாக இருக்கிறது, அதன் புகைபோக்கி வழியாக ஒவ்வொரு சுள்ளியாக விழுந்துகொண்டிருக்கிறது.