புளியோதரைப் பாடம்

கோவில்பட்டியில் செருப்புக்கடை மாடியில் இங்கிலீஷ் விற்றுக்கொண்டிருந்தார் ஞானவரதன். மதியம் மாணவர்கள் டப்பாவைத் திறந்தால் போதும், கரண்டியோடு வந்துவிடுவார். உள்ளே இருப்பதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். உச்சரிப்பு பிசகினால் சாப்பாடு அவருக்கு. பசிக்கிற வாத்தியாருக்கு எவன் உச்சரிப்புதான் சரியாக இருக்கும்?

ஓட்டல் ரிசப்ஷன் வேலைக்காகப் படிக்க வந்த செண்பகவல்லியின் புளியோதரை அன்று அப்படித்தான் போனது. பட்டினியாக உட்கார்ந்திருந்தவளையே வகுப்பு தொடங்கியதும் எழுப்பினார்.

"'பாலிஷ் ஆஃப்'னா மிச்சம் வைக்காம மளமளன்னு தின்னு தீர்க்கிறது. புத்தக உதாரணம் வேண்டாம். இந்த ரூம்லயே கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒண்ணைக் காட்டு. இல்லன்னா அந்த ஓட்டல் வேலைக்கு உன் பேரை அனுப்ப மாட்டேன்."

அவள் காலி டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். "என் புளியோதரை சார். நான் ஒரு வாய்கூட சாப்பிடல."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. வாத்தியார் முகம் சிவந்தது. "நான் சும்மா ருசி பார்த்தேன். இதுக்குப் பேரு பாலிஷ் ஆஃபா? உதாரணம் தப்பு!"

"தப்புதான் சார். உங்க மீசையில இன்னும் ஒரு பருக்கை இருக்கு. அதையும் எடுத்து வாயில போட்டுட்டீங்கன்னா சரியாயிரும்."