உட்கார்ந்து தின்ற சக்கரம்

நெருஞ்சிப்பாளையத்தில் நாலு பேருக்குச் சேர்த்து ஒரு கார் இருந்தது. ஆளுக்கு ஒரு சக்கரம் என்று பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முன்சக்கரங்கள் அவிநாசியப்பனுக்கும் திருமூர்த்திக்கும், பின்சக்கரங்கள் நாச்சிமுத்துவுக்கும் சென்னியப்பனுக்கும். அவரவர் சக்கரத்துக்கு அவரவர்தான் காற்றடிப்பார்கள். நாச்சிமுத்து வெளியூர் போயிருந்தால் கார் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டே ஓடும். அடுத்தவர் சொத்தில் கை வைக்கிற பழக்கம் அந்த ஊரில் கிடையாது.

நாலு பேரில் இளையவன் சென்னியப்பன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி பூவாத்தாளுக்குத் தாய்வீடு மலைமேல், மேலட்டியில். ஆடிக்கு அவளைக் காரில் கூட்டிக்கொண்டு போனபோது ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. நின்றது போதாதென்று பின்னாலும் நகர்ந்தது. வண்டியில் வந்திருந்த ஆண்கள் நால்வரும் இறங்கி, இது யாருடைய சக்கரத்தின் குற்றம் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். விசாரணை முடிவதற்குள் பூவாத்தாள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆடி போய் ஆவணி வந்தது, புரட்டாசியும் வந்தது, அவள் வரவில்லை.

போனில் கெஞ்சியதற்கு, “அந்த வண்டி எங்கப்பன் ஊட்டு வாசல்ல வந்து நிக்கட்டுமுங்க. அன்னைக்கு வர்றேன்,” என்றாள்.

சென்னியப்பனுக்கு வீடு வீடாகவே இல்லை. தான் வைத்த ரசத்தைத் தானே குடிக்க வேண்டியிருந்தது. அவளை நினைத்தால் அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. ரசம் குடிக்கும்போது கொஞ்சம் கூடுதலாக வந்தது.

காரை ஹமீது பாயின் பட்டறைக்குக் கொண்டுபோனான். மற்ற மூவரும் தங்கள் தங்கள் சக்கரத்துக்குத் துணையாக வந்தார்கள். பாய் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். படுத்தபடியே எஞ்சின் சத்தத்தைக் கேட்டார்.

“மிதிச்சா உடனே எந்திரிக்க மாட்டேங்குது. பிளைவீல் கனம். எஞ்சினுக்குப் பின்னால தோசைக்கல்லு கணக்கா ஒரு இரும்புச் சக்கரம் இருக்கும், எஞ்சினோடயே சுத்தும். கம்பெனி வீலையே லேத்துல கொடுத்துக் கடைஞ்சு லேசாக்குங்க. இல்லேன்னா வெளிக்கடையில லேசான வீலா வாங்கி மாட்டுங்க. அப்பறம் முக்கியமா, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்காதீங்க. அவ்வளவுதான், போங்க,” என்றார்.

நால்வரும் வெளியே வந்து நின்றார்கள்.

“உள்ளுக்குள்ள அஞ்சாவதா ஒரு சக்கரம்,” என்றார் அவிநாசியப்பன். அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பவர் என்பதால் ஊரில் அவருக்குத் தனி மரியாதை. “இத்தன வருசமா நமக்குத் தெரியாம இருந்திருக்குது.”

“அது யாரு பங்கு?” என்றார் நாச்சிமுத்து.

“யாரு பங்கும் இல்ல. நம்ம சக்கரமெல்லாம் வெயில்லயும் மழையிலயும் தார் ரோட்டுல உருண்டு தேயுது. அது ஒருக்காக்கூடத் தரையில கால் வெச்சதில்ல. நெழல்ல உக்காந்து தின்னுட்டே இருந்தா கனக்காம என்ன பண்ணும்?”

திருமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு டயரில் அதிகம் தேய்ந்தது அவருடையதுதான்.

சென்னியப்பன் வீட்டுப் புளியமரத்தில் சங்கிலி கட்டி எஞ்சினை இறக்கி, அந்தச் சக்கரத்தைக் கழற்றித் தரையில் வைத்தார்கள். பிறகு சுற்றி உட்கார்ந்துகொண்டு, கடைவதா வாங்குவதா என்று பேசினார்கள்.

“புதுசு வாங்கினா அது லேசுன்னு எப்படி நம்பறது?” என்றார் திருமூர்த்தி. “கடைக்காரன் ஒத்தக் கையில தூக்கிக் காட்டுவான். அவன் பலசாலியா இருந்துட்டா?”

“அப்ப நோஞ்சான் கடைக்காரனாப் பாத்து வாங்கோணும்,” என்றார் அவிநாசியப்பன்.

நோஞ்சான் கடைக்காரர் கிடைக்கிறவரை சும்மா இருப்பானேன் என்று முதலில் கம்பெனி வீலை லேத் பட்டறையில் கொடுத்தார்கள். இரும்பு சுருள் சுருளாக விழுந்தது. விழுந்ததையெல்லாம் நாச்சிமுத்து ஒன்று விடாமல் சாக்கில் அள்ளினார். “கம்பெனி கொடுத்ததுல ஒரு துரும்பு கொறையக்கூடாது. நாளைக்கு வண்டிய விக்கறப்பக் கேப்பாங்க,” என்று சாக்கை டிக்கியில் பத்திரமாக வைத்துக் கட்டினார். சக்கரத்தை மாட்டி எஞ்சினை ஏற்றினார்கள்.

வண்டி பறக்கவில்லை. ஊர் எல்லை மேட்டில் கிளட்சை விட்டதும் எஞ்சின் முன்னைவிடச் சீக்கிரமாக அணைந்தது. சந்தேகப்பட்டு எடைமேடையில் நிறுத்திப் பார்த்தால் எடை பழையபடியே இருந்தது.

“கடைஞ்சும் அசையலையே,” என்றார் திருமூர்த்தி. “உள்ளூற ரோசம் புடிச்ச சக்கரம்.”

ஆகவே கடை கடையாக ஏறி இறங்கி, இருமிக்கொண்டே பேசுகிற ஒரு கடைக்காரரைக் கண்டுபிடித்தார்கள். அவர் இருமலுக்கு நடுவில் ஒற்றைக் கையால் ஒரு வீலை எடுத்து நீட்டினார். மறுபேச்சில்லாமல் வாங்கிவந்தார்கள். எஞ்சின் மறுபடி புளியமரத்தடியில் இறங்கியது. இரண்டு வீல்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, எதை மாட்டுவது என்று பேச்சு நீண்டது. கேட்டுக் களைத்துப்போன திருமூர்த்தி காரின் மேல் சாய்ந்தார்.

கார் சத்தமில்லாமல் நகர்ந்து, வாசலைக் கடந்து, துவைக்கிற கல்லில் முட்டி நின்றது.

எல்லோரும் அதையே பார்த்தார்கள். அவிநாசியப்பன் கண்ணை மூடித் திறந்தார்.

“கடைஞ்சதும் வேண்டாம், வாங்குனதும் வேண்டாம். ரெண்டும் இல்லாதப்பத்தான் வண்டி பறக்குது.”

“எஞ்சினும் இல்லீங்களே,” என்றார் நாச்சிமுத்து.

“வீலு இல்லாம எஞ்சின் ஓடாது. ஓடாத எஞ்சினை எதுக்குச் சொமக்கோணும்?”

பேட்டரியையும் எடுத்து வீட்டில் வைத்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் மலைக்குக் கிளம்பினார்கள்.

சென்னியப்பன் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு, பாய் சொன்னபடி ஆக்சிலேட்டரை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தான். மற்ற மூவரும் தள்ளினார்கள். வளைவில் ஒலி எழுப்பவும் என்று பலகை வைத்திருந்த இடங்களில் மூவரும் தள்ளுவதை நிறுத்தாமல் பாம் பாம் என்று கத்தினார்கள். எதிரே வந்த லாரிகள், ஏறுகிற வண்டிக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கி நின்றன. ஒரு டிரைவர் இறங்கிவந்து என்ன ரிப்பேர் என்று கேட்டார்.

“ரிப்பேரா? இப்பத்தானுங்க எல்லாத்தையும் சரி பண்ணியிருக்கறோம்,” என்றார் திருமூர்த்தி, மூச்சுக்கு நடுவில்.

பொழுது உச்சி சாய்ந்தபோது கார் மாமனார் வீட்டு வாசலில் நின்றது. பூவாத்தாள் வெளியே வந்தாள். காரை ஒரு சுற்றுச் சுற்றினாள், பானெட்டைத் திறந்தாள். அதற்குள் மேலட்டியின் மண் தெரிந்தது.

“எஞ்சின் எங்கீங்க?”

“ஊட்டுல பத்திரமா இருக்குது. நீயே வந்து பாத்துக்க,” என்றான் சென்னியப்பன்.

அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்ததை அவள் கவனித்தாள். அவளும் இத்தனை நாள் அவனை நினைத்துக்கொண்டுதான் இருந்தாள், வீம்புக்குச் சொல்லவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே என்று சலித்துக்கொள்கிற மாதிரி பையை எடுத்துவந்து பின்சீட்டில் ஏறினாள். சென்னியப்பனுக்கு உலகமே கைக்கு வந்துவிட்டது.

இறக்கத்தில் வண்டி நிஜமாகவே பறந்தது. பிரேக் என்று ஒன்று இருப்பதைப் பூவாத்தாள் வளைவுக்கு வளைவு நினைவுபடுத்தினாள். பாய் கெட்டிக்காரர் என்று ஆண்கள் நால்வரும் ஒத்துக்கொண்டார்கள். அடிவாரத்துப் பஸ் நிறுத்தத்தில் சமதரை வந்தது, வண்டி நின்றுவிட்டது. மூவரும் இறங்கித் தள்ளினார்கள். காலையிலிருந்து தள்ளிய கைகள் அவை. வண்டி அசையவில்லை.

“ஏனுங்க, நீங்களும் எறங்கித் தள்ளலாமல்ல?” என்றாள் பூவாத்தாள்.

“ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கக்கூடாது அம்மிணி. பாய் சொல்லியிருக்கறாரு.”

அவிநாசியப்பன் கண்ணை மூடினார். “மலையே ஏறின வண்டி சமதரையில நகரல. அப்ப என்னமோ கனம் கூடியிருக்குது. போறப்ப இல்லாதது இப்ப என்ன இருக்குது, பாருங்க.”

பார்த்தார்கள். சக்கரங்கள் அதே சக்கரங்கள். கதவுகள் அதே கதவுகள். கடைசியில் எல்லோர் கண்ணும் பின்சீட்டில் போய் நின்றது.

சென்னியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் வண்டி வீடு போய்ச் சேர வேண்டுமே. “கோவிச்சுக்காத அம்மிணி,” என்றான் மெதுவாக.

பூவாத்தாள் அவனையே பார்த்தாள். அந்த நேரத்துக்கு ஒரு பஸ் வந்து நின்றது. அது மேலட்டிக்குப் போகிற பஸ். அவள் இறங்கிப் போய் ஏறிக்கொண்டாள். நாச்சிமுத்து ஓடிப்போய் ஜன்னல் வழியே பையைக் கொடுத்தார். சென்னியப்பன் காலை எடுக்காமல் இருந்த இடத்திலிருந்தே கையாட்டினான். பஸ் மலையைப் பார்த்துக் கிளம்பியது.

அதற்குள் கொஞ்சம் மூச்சு வாங்கியிருந்த மூவரும் மறுபடி தள்ள, வண்டி பூவாக உருண்டது. நெருஞ்சிப்பாளையம் வந்து சேர்ந்ததும் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித் திருஷ்டி கழித்தார்கள்.

“எல்லாஞ் செரி தம்பி,” என்றார் நாச்சிமுத்து. “அம்மிணிய எப்படிக் கூட்டிட்டு வர்றது?”

சென்னியப்பன் பெருமையோடு காரைத் தட்டிக்கொடுத்தான்.

“அதுக்கென்னுங்கண்ணா கவலை? இவ்வளவு லேசான வண்டி கையில இருக்குது. காலைல போய்க் கூட்டியாந்தறலாம்.”