பின்னால் வந்த பூக்காரர்

ஈரோட்டில், டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு கேம் சென்டர் இருக்கிறது. நடத்துகிறவர் மரகதவல்லி. பேரைக் கேட்டு வயசானவர் என்று நினைத்துவிடாதீர்கள், இருபத்து நாலுதான் ஆகிறது. ஆனால் 'நிழற்கோட்டை' ஆட்டத்தில் அந்தப் பெண்ணை ஜெயிக்கச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. அதனால் அவரைவிட மூத்தவர்களும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

தணிகாசலம் நாற்பதைத் தாண்டியவர். ஜவுளிக்கடையில் கேமரா பார்க்கிற வேலை. யார் புடவையைச் சுருட்டிப் பைக்குள் போடுகிறார்கள் என்று நாள் முழுக்கத் திரையை முறைத்துக்கொண்டிருப்பார். பாவம், வேலை முடிந்தாலும் அந்தப் பார்வை கூடவே வந்துவிடும். டீயில் சர்க்கரை குறைந்தால்கூட டீக்கடைக்காரர் வேண்டுமென்றே செய்தார் என்பார்.

கடை விடுமுறையன்று மதியமே சென்டருக்கு வந்துவிட்டார். கதவைச் சாத்தினார். சாத்திய கதவை மறுபடி திறந்து, படியில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சாத்தினார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கோணுமுங்க."

"கேளுங்ணா."

"முதுகுல குத்தற ஆளுக்கு எந்த ஆயுதம் எடுக்கோணும்?"

"எதிர் டீம் ஆளா?"

"நம்ம டீம் ஆளு."

மரகதவல்லி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"யாரைச் சொல்றீங்க?"

"இன்பராஜை."

இன்பராஜ் ஆட்டோ ஓட்டுகிறவன். தணிகாசலத்தை முதன்முதலில் இங்கே கூட்டி வந்தவனே அவன்தான். ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரில் போட்டி. மாஸ்டரும் இவர்கள் இருவரும்தான் டீம். போட்டி நடத்துகிறவர்கள் இன்று சாயங்காலத்துக்குள் போன் செய்வார்கள், அப்போது பேர்களைச் சொல்லிவிட வேண்டும். இன்பராஜ் அந்த நாளுக்காக ஒரு வருஷமாகக் காத்திருக்கிறான்.

"பெருந்துறைப் பசங்களோட ஆடறப்பெல்லாம் நான்தான் மொதல்ல சாகறேன். எங்கே ஒளிஞ்சாலும் நேரா வந்து விஷ ஊசியைக் குத்தறானுங்க. எப்படிங்க தெரியுது? முந்தாநேத்து டீக்கடையில பாத்தேன். அதே பசங்களுக்கு இவன் பஜ்ஜி வாங்கிக் குடுத்துட்டு உக்காந்திருந்தான். என்னைப் பாத்ததும் பேச்சை நிறுத்திட்டான்."

"அவன்கிட்ட கேட்டீங்களா?"

"அட, திருடன்கிட்டப் போயி திருடுனியான்னு கேப்பாங்களா? பேர் குடுக்கறப்ப அவன் பேரை விட்டுடுங்க. இல்லீன்னா என் பேரை விட்டுடுங்க."

மாஸ்டர் ஒரு கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஒரு ஆட்டம் ஆடுங்ணா. அப்புறம் பேசலாம்."

"என்ன ஆட்டம்?"

"கோட்டை வாசல்ல இருந்து தெப்பக்குளத்து மண்டபம் வரைக்கும் நடக்கோணும். அவ்வளவுதான். சந்தைக் கூட்டத்துல உங்களைத் தவிர இன்னும் ஒருத்தர் இருப்பாங்க."

"ஆரு அது?"

"உள்ளே போயிப் பாருங்க."

"என்ன ஆயுதம் எடுக்கறது?"

"உங்க இஷ்டம். அவங்களுக்கும் அதையேதான் சொல்லப்போறேன்."

சொல்லிவிட்டு, இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கிற உள் அறைக்குப் போனார். கதவுக்குப் பின்னால் மெல்லப் பேச்சுச் சத்தம் கேட்டது. தணிகாசலம் காதைத் தீட்டிப் பார்த்தார். டயர் கடையில் ஓடிய காற்று மெஷின் சத்தத்தில் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

நிழற்கோட்டை என்பது நாயக்கர் காலத்துக் கோட்டை மாதிரி செய்த ஆட்டம். சந்தை நிறைய ஜனம். எல்லாம் கம்ப்யூட்டர் நடத்துகிற பொம்மைகள். ஆடுகிறவர்கள் அவர்களைப் போலவே வேஷம் போட்டு, அவர்கள் நடப்பது போலவே நடந்து, குறிவைத்த ஆளை நெருங்க வேண்டும். இடுப்பில் மூன்று பொருள் வைத்துக்கொள்ளலாம். குறுவாள், சுருள்வாள், விஷ ஊசி, புகை உருண்டை என்று பட்டியல் நீளும். கடைசியில் விஷமுறிவு மருந்து இருக்கிறது. அதைத் தனக்குப் போட்டுக்கொள்ள முடியாது, விஷம் ஏறி விழுந்த கூட்டாளிக்கு மட்டும்தான் கொடுக்கலாம். அதனால் யாரும் அதைச் சீண்டுவதில்லை. தணிகாசலம் பட்டியலில் அவ்வளவு தூரம் போனதே கிடையாது.

குறுவாள், விஷ ஊசி, புகை உருண்டை. எடுத்துக்கொண்டு, தானிய வியாபாரி வேஷத்தில் கோட்டை வாசலில் நுழைந்தார்.

நுழைந்ததும் சுவரோரம் ஒதுங்கினார். வளையல் விற்பவள் இவரையே பார்ப்பது போல் இருந்தது. தண்ணீர் சுமப்பவன் வேண்டுமென்றே மெதுவாக நடப்பது போல் இருந்தது. நாலடி நடந்தார், திரும்பினார். மறுபடி நாலடி, மறுபடி திரும்பினார். சந்தையில் வேறு ஒருவரும் அப்படித் திரும்பவில்லை என்பதை மனுசன் கவனிக்கவேயில்லை.

அப்போதுதான் பூக்காரரைப் பார்த்தார். தலையில் கூடை. இவர் நடந்தால் நடந்தார், நின்றால் நின்றார். இவர் வைக்கோல் வண்டியைச் சுற்றிக்கொண்டு போனார், பூக்காரரும் அதே வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"மாட்டுனியா மகனே" என்றார் தணிகாசலம்.

குதிரை லாயத்தை ஒட்டி ஒரு சந்து. புகை உருண்டையை வீசிவிட்டு அதற்குள் புகுந்து, மூலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூக்காரர் புகைக்குள் வேகமாக வந்தார், யாரையோ தேடித் தவிப்பது போல இரண்டு பக்கமும் பார்த்தார். தணிகாசலம் பின்னாலிருந்து ஊசியைக் கழுத்தில் இறக்கினார். பூக்கூடை தரையில் உருண்டது.

"பாத்தீங்களா மாஸ்டர்! இந்தக் கண்ணுகிட்டத் தப்ப முடியுமா?"

மாஸ்டர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இடுப்பைப் பாருங்ணா."

விழுந்தவர் இடுப்பில் இருப்பது கொன்றவருக்குச் சொந்தம், அது ஆட்டத்தின் வழக்கம். தணிகாசலம் பட்டனைத் தட்டினார். மூன்று பொருளும் திரையில் வந்தன.

விஷமுறிவு மருந்து. விஷமுறிவு மருந்து. விஷமுறிவு மருந்து.

உள் அறைக் கதவு திறந்தது. இன்பராஜ் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தான்.

"என்னை எவனோ குத்திட்டான் மாஸ்டர். அண்ணா, நீங்க தப்பிச்சீங்களா? புகை வந்ததும் உங்களைக் காணோம், பதறிப்போயிட்டேன்."

மாஸ்டர்தான் கேட்டார்.

"ஏன் மூணும் மருந்தே எடுத்த?"

"அண்ணன் கூடப் போடான்னு சொன்னீங்க. அவரைத்தானுங்களே எப்பவும் விஷத்துல சாகடிக்கறாங்க? அது என்ன விஷம், எந்த மருந்து கேக்கும்னு தெரிஞ்சுக்கத்தான் அந்தப் பெருந்துறைப் பசங்களுக்குப் பஜ்ஜியா வாங்கிக் குடுத்தேன். அண்ணன் அந்த நேரம் பாத்து வந்துட்டாரு. அவனுங்க உஷாராயிடக்கூடாதுன்னு பேச்சை மாத்திட்டேன். ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல நீங்க விழுந்ததும் எழுப்பிவிட்டு அசத்தலாம்னு இருந்தேனுங்ணா."

"இவரை எப்படிக் கண்டுபிடிக்கறாங்கன்னு கேட்டியா?"

இன்பராஜ் தயங்கினான்.

"பரவால்ல, சொல்லு."

"சந்தையில திரும்பித் திரும்பிப் பாக்கறது அண்ணன் ஒருத்தர்தானாம். சிரிச்சானுங்க. எனக்குக் கோபம் வந்துடுச்சு."

சொல்லிவிட்டு, எல்லோருக்கும் டீ வாங்கி வருவதாகக் கீழே இறங்கிப் போனான். படியில் அவன் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. தணிகாசலத்துக்கு வெட்கத்தில் காது சுட்டது. திரையில் கூடை இன்னும் கவிழ்ந்துதான் கிடந்தது.

மாஸ்டரின் போன் அடித்தது. கோயமுத்தூர் நம்பர். அவர் எடுக்காமல் தணிகாசலத்தைப் பார்த்தார்.

"அவன் பேரைச் சொல்லுங்க மாஸ்டர்" என்றார் தணிகாசலம். "மொதல்ல அவன் பேரைச் சொல்லுங்க."

மாஸ்டர் போனை எடுத்து இரண்டு பேரையும் சொன்னார், இன்பராஜை முதலில். போனை வைத்துவிட்டு மேசையில் கிடந்த ஹெட்போனை மாட்டப் போனார்.

"மாஸ்டர்."

"சொல்லுங்ணா."

"அவனைத் துணைக்கு அனுப்பினீங்க, சரி. அப்போ அந்தச் சந்தையில கொலைகாரன் ஆருங்க?"

மரகதவல்லி ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டே பேர்தானுங்ணா உள்ளே போனீங்க. ஒருத்தர்தான் ஆயுதம் எடுத்திருந்தாங்க."