ஐம்பத்துநாலில் நின்ற மாப்பிள்ளை

“ஓணாங்குளத்துக்காரனிடம் வழி கேட்டால்…” என்று பெரியப்பா ஒன்று சொல்வார். பாதிதான் நினைவிருக்கிறது. கேட்காதே என்றாரா, கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போ என்றாரா, தெரியவில்லை.

அந்த ஓணாங்குளத்தில் தவசிக்கண்ணுவுக்கு முப்பத்தெட்டு வயதில் ஒரு வரன் கூடிவந்தது. பெண் பூரணம், மலேசியாவில் இருந்தாள். படிப்பகத்துக் கம்ப்யூட்டர் வழியாக இரண்டுமுறை முகம் பார்த்தார்கள். இரண்டுமுறையும் தவசி திரையில் வாயைத் திறந்தபடியே உறைந்துபோனான். மூன்றாவது முறையும் இப்படியானால் வேறு இடம் பார்ப்போம் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார்.

கோளாறு கம்ப்யூட்டரின் வைஃபை கார்டில். வேகம் அதன் உச்சமான ஐம்பத்துநாலிலேயே நிற்கட்டும் என்று எண்ணைக் கொடுத்தால் ஒருநாள் கேட்கும். மறுநாள் அதே எண்ணைக் கொடுத்தாலும் ஒன்றில் நொண்டும். கார்டை ஓட்டும் டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றியும் அதன் குணம் மாறவில்லை.

டவுனில் கடை வைத்திருக்கும் ஜெரால்டு போனில் சொன்னார்: “ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாருங்க. மத்ததெல்லாம் இருந்தபடியே இருக்கணும். சரியா ஓடிருச்சுன்னா, அப்புறம் எதையும் அசைக்காதீங்க.”

படிப்பகத் தலைவர் கொம்பையா, செயலாளர் சுயம்பு, தவசி மூவரும் வேலையில் இறங்கினார்கள். காலண்டரை மாற்றினார்கள். வேகம் ரெண்டு. மேசை விரிப்பை மாற்றினார்கள். அஞ்சு.

“அண்ணாச்சி, தவசி உடுப்பை மாத்துவோமா?” என்றான் சுயம்பு.

“ஏலே, வேட்டியும் சட்டையும் ஒண்ணா ரெண்டா?”

வெகுநேரம் யோசித்தார்கள். ரெண்டுதான் என்று முடிவாயிற்று. தவசி அன்று வேட்டியை மட்டும் மாற்றினான். பதினொன்று!

மூன்றாம் அழைப்பு நாளன்று சீப்பு கீழே விழ, அதை எடுக்க தவசி மேசைக்கு அடியில் நுழைந்தான். வேகம் சட்டென்று ஐம்பத்துநாலில் ஏறி நின்றது. அதுவரை ஆண்டெனாவை மறைத்துக்கொண்டிருந்தது அவன் தலைதான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

“அசையாதே!” என்று கத்தினார் கொம்பையா.

எல்லோரும் அப்படியே நின்றார்கள். காலண்டரைத் தின்னவந்த சுயம்புவின் கிடாயும் நாற்காலியில் முன்னங்கால் வைத்தபடி நின்றது. மலேசியாவிலிருந்து அழைப்பு வந்தது. சுண்டுவிரலை மட்டும் நகர்த்தி எடுத்தான் சுயம்பு.

திரையில் பெண்ணின் அப்பா நெடுநேரம் உற்றுப் பார்த்தார். “தாடி வச்சிருக்கார்னு யாரும் சொல்லலியே!”

“கிடாயை விரட்டவா அண்ணாச்சி?” என்றான் சுயம்பு, உதடு அசையாமல்.

“எதையும் அசைக்கக் கூடாதுன்னு ஜெரால்டு சொன்னாருல்லா? சும்மா நில்லு.”

பூரணம் அப்பாவை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். “நீங்க எங்க இருக்கீங்க?”

“மேசைக்கு அடியில.”

“அங்க என்ன பண்றீங்க?”

“உங்க முகம் அசையணும்னா நான் அசையக் கூடாதாம்.”

பூரணம் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஒரு தடவைகூட உறையாமல் முழுசாகச் சிரித்தாள். “அப்பா, இவரையே பேசி முடிங்க.”

ஆவணியில் முகூர்த்தம் குறித்தாயிற்று. அழைப்பு முடிந்ததும் கொம்பையா குனிந்து பார்த்தார். “தவசி, இனி வெளியே வரலாம்லா?”

“வந்து வேகம் குறைஞ்சா, அவ மனசு மாறிட்டா?”

மூவரும் யோசித்தார்கள். கிடாயும் யோசித்தது.

தாலியை மேசைக்கு அடியில் இருந்தபடியே கட்டுவது என்று தவசிக்கண்ணு முடிவு செய்தான்.