தயாபரனின் கல்வெட்டு

பனி நாட்டு நகரம் ஒன்றில் தமிழர் சிலரே இருந்தனர். அவர்களில் ஆண்கள் ஞாயிறு மாலைகளில் ஒரு மண்டபத்தில் கூடிக் கவிதை எழுதினர். கற்பித்தவர் பேருந்து ஓட்டும் நவம் மாஸ்டர்.

அவருடைய மாணவன் தயாபரன், அவர் வயதுக்காரன். யாராவது இறந்தால், முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகத்தில் அச்சிடும் பாடலைக் கல்வெட்டு என்பார்கள். அந்த நகரில் அதை எழுதுபவன் அவன்தான். இறந்தவரின் வீட்டுக்குப் போய், எல்லோரிடமும் கேட்ட பிறகே எழுதுவான்.

ஒரு ஞாயிறு அவன் புதிய கல்வெட்டு ஒன்றை நீட்டி, யாப்பில் தளை தட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னான்.

மாஸ்டர் படித்தார். இறந்தவர் பெயர் தயாபரன்.

"தளை தட்டேல்லை," என்றார். "ஆரைக் கேட்டு எழுதினனீ?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை மாஸ்டர். கேக்க ஆர் இருக்கினம்?"

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மற்ற மாணவர்களுக்கு இதைக் காட்டலாமா என்று மாஸ்டர் கேட்டார். அவன் தோளைக் குலுக்கினான்.

அவர்கள் படித்தார்கள். கல்வெட்டு எழுத வந்தவர் கேட்பதுபோல மாஸ்டர் கேட்டார், இவன் எப்படிப்பட்ட ஆள் என்று.

தன் கார் பனியில் புதைந்த அன்று இவன் வீட்டுச் செருப்போடு ஓடிவந்து தள்ளியதைப் பாக்கியராசா சொன்னான். சீட்டாட்டத்தில் இவனைப் போல் கள்ளன் இல்லை என்றான் ரமணன். பிறகு, தன் தாய் ஊரில் இறந்தபோது பக்கத்திலிருந்து தனக்குச் சோறு ஊட்டியவனும் இவன்தான் என்றான்.

"இதொண்டும் இதிலை இல்லையே," என்றார் மாஸ்டர். "எழுதினவன் ஆளைத் தெரியாமல் எழுதிப்போட்டான். இனி ஆளையே கேப்பம்."

டாக்டர் கேட்டாலும், ஊரிலிருந்து அக்கா கேட்டாலும், சுகம் என்றே சொல்லிப் பழகியவன் தயாபரன். இப்போது பேனாவை எடுத்தான். எழுதியதை வாசித்தான்.

"எனக்கு நித்திரை இல்லை.
விடியிறதை நினைக்கப் பயமாக் கிடக்கு."

"எனக்கும்தான்," என்றான் பாக்கியராசா. பேனாவைப் பறித்து அடுத்த வரியை அவன் எழுதினான். பிறகு ரமணன். தாள் நிறைந்ததும் மேசையைத் தட்டி எல்லோருமாகப் பாடினார்கள். எதிர்க் கட்டடத்தில் ஜன்னல்கள் திறந்தன. தயாபரனின் குரல்தான் உரக்கக் கேட்டது.

அன்றிரவு தயாபரனுக்குப் படுக்கை தன் வீட்டில்தான் என்றும், காலையில் டாக்டரிடம் தானும் கூட வருவதாகவும் பாக்கியராசா சொல்லிவிட்டான்.

"மாஸ்டர், இதை எப்பிடி முடிக்கிறது?" என்று கேட்டான் தயாபரன்.

"முடிக்காதை. நாளைக்கு வந்து மிச்சத்தை எழுது."